இருதயத்தின் வரவும் சிறுநீரகத்தின் செலவும்

(பத்துமலை அடிவாரத்தில் தோட்டத் தொழிலாளரும் கிராணிமாரும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமொன்றில் தோட்டக் கிராணி ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



எனக்கு முன்னால் பேசியவர்கள் சம்பளத்தைப் பற்றியும் வீட்டு வசதியைப் பற்றியும் பேசிவிட்டார்கள். எனக்கு ஒதுக்கியிருப்பது உடம்பைப் பற்றிய பேச்சு. “கிராணிக்கு வைத்தியம் எப்படித் தெரியும்?” என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். நான் டாக்டரும் அல்லன், டிரெஸ்ஸரும் அல்லன். தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டுத் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதுகிறவன். ஆனால் நான் இன்று சொல்ல வந்ததும் ஒரு கணக்குத்தான். நம் இரத்தத்துக்குள் இரவும் பகலும் நடக்கிற ஒரு வரவு செலவுக் கணக்கு. அதைத் தப்பாகப் படித்து என் குடும்பத்தை இரண்டு நாள் அழ வைத்தவன் நான். அந்தத் தப்பை நீங்களும் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இந்த மேடைக்கு வரச் சம்மதித்தேன்.

அதோ தெரிகிறதே படிக்கட்டு, அதிலிருந்தே தொடங்குகிறேன். மொத்தம் 272 படிகள். 1920இல் மரப்படியாக இருந்தது, 1940இல் சிமெண்டுப் படியாயிற்று என்பார்கள். என் பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் நிரைக்குப் போய், மரம் மரமாக நடந்து, காண்டா வாளி சுமந்து, மத்தியானம் ஸ்டோருக்கு வந்து பால் கொட்டியவர். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பால்குடம் எடுத்து இந்த 272 படிகளையும் ஒரே மூச்சில் ஏறிவிடுவார். கீழே நிற்கும் எங்களைப் பார்த்து, “இளவட்டம் எல்லாம் எங்கேடா?” என்று கேலி செய்வார்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தைப்பூசத்தில், நாற்பதாவது படியோ ஐம்பதாவது படியோ, அங்கேயே நின்றுவிட்டார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்கினார். வயசாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். அவரும் அப்படித்தான் சொன்னார். அதற்குப் பிறகு காலில் செருப்பு கொள்ளவில்லை. கணுக்காலில் விரலை வைத்து அமுக்கினால் குழி விழுந்து வெகு நேரம் அப்படியே நின்றது. இராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். பெரியம்மா தலையணையை மூன்றாக அடுக்கிக் கொடுத்தாள். இருபது வருஷமாக அவருக்கு இனிப்புநீர். சிறுநீரகமும் பழுதாகி வருகிறது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். ஒருநாள் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

தப்பாகப் படித்த கிராணி

அங்கே இரத்தம் எடுத்தார்கள். மறுநாள் ஒரு தாள் கிடைத்தது. அதில் என்.டி. புரோ பி.என்.பி. என்று ஒரு வரி. எதிரே 4,200 என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நட்சத்திரக்குறி வேறு. இந்தப் பெயரை நான் முன்பே கேட்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் லாரி ஓட்டுநர் ஒருவருக்கு இருதயம் பலவீனம் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அவருடைய தாளில் இதே வரியில் 600 என்று இருந்தது. உடனே நான் என்ன செய்தேன்? கணக்கெழுதுகிறவன் அல்லவா! 4,200ஐ 600ஆல் வகுத்தேன். ஏழு வந்தது. “பெரியப்பாவின் இருதயம் அவருடையதைவிட ஏழு மடங்கு கெட்டுப்போய்விட்டது” என்று வீட்டில் சொன்னேன். பெரியம்மா சோறு தொடவில்லை. கிள்ளானில் இருக்கும் மகளுக்குத் தந்தி போலச் செய்தி பறந்தது.

மறுநாள் பெரியம்மாவின் தம்பி வந்தார். எனக்கு மாமா முறை. அவர் அங்கே இங்கே விசாரித்துவிட்டு வந்து நேர் எதிராகப் பேசினார். “கிட்னி கெட்டவங்களுக்கு எல்லாம் அந்த நம்பர் அப்படித்தான் ஏறி நிக்கும். அதைப் பார்த்துப் பயப்படவே தேவையில்லை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்” என்றார். வீட்டில் பாதிப் பேர் என் பக்கம், பாதிப் பேர் மாமா பக்கம். தோழர்களே, இரண்டு பேருமே தப்பு. என் தப்பு ஆளைப் பயத்தால் கொல்லும். மாமாவின் தப்பு ஆளை உண்மையாகவே கொன்றுவிடும்.

எங்களுக்கு விளக்கிச் சொன்னவர் அந்த வார்டில் இருந்த ஒரு டாக்டர் அம்மா. “தம்பி என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டார். எஸ்டேட் கிராணி என்றேன். “அப்படியானால் உங்களுக்கு இது சுலபம். இந்த எண் வரவு அல்ல. கையிருப்பு” என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியைப் பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன்.

கிராணிமார்களே, நம் ஸ்டோர் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் தொட்டியில் ஆயிரம் லிட்டர் பால் நிற்கிறது என்று எழுதுகிறோம். அதை மட்டும் பார்த்துவிட்டு, “இன்று வெட்டுக்காரர்கள் நிறையப் பால் கொண்டுவந்தார்கள்” என்று சொல்ல முடியுமா? முடியாது. ஒருவேளை வழக்கம் போலத்தான் பால் வந்திருக்கும். ஏற்றிப்போக வேண்டிய லாரி வராமல் போயிருக்கும். அல்லது பாலும் கூடுதல், லாரியும் பழுது என்று இரண்டும் சேர்ந்திருக்கும். கையிருப்பு ஒன்றை வைத்து இந்த மூன்றில் எது என்று எந்தக் கிராணியாலும் சொல்ல முடியாது. வரவுப் பக்கத்தையும் செலவுப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தே ஆகவேண்டும். இரத்தத்தில் அளக்கிற இந்தப் பொருளுக்கு வரவு இருதயம். செலவில் பெரும் பங்கு சிறுநீரகம், அதாவது நம் ஊர்ப் பெரியவர்கள் குண்டிக்காய் என்று சொல்வார்களே, அது.

இருதயம் எழுதும் சீட்டு

இருதயம் ஒரு பம்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது பம்பு மட்டும் அல்ல, ஒரு சுரப்பியும் கூட என்பது வெகு காலம் உலகத்துக்குத் தெரியாது. 1956இல் கினிப்பன்றியின் இருதய மேலறைத் தசையை மின்நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஹார்மோன் சுரக்கும் இடங்களில் இருப்பது போன்ற சிறுசிறு மணிகள் அதில் தெரிந்தன. பம்பில் மணி எதற்கு? இருபத்தைந்து வருஷம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அர்ஜென்டினாவில் பிறந்து கனடாவில் வேலை செய்த அடோல்ஃபோ டி போல்ட் என்பவர் எலியின் மேலறைத் தசையைப் பிழிந்து, அந்தச் சாற்றை வேறு எலிகளுக்கு ஊசியில் ஏற்றினார். சற்று நேரத்தில் எலிகள் சிறுநீராகக் கொட்டின. சிறுநீரின் அளவு பத்து மடங்காயிற்று. அதில் போன உப்பு முப்பது மடங்குக்கும் மேல். இது வெளியானது 1981இல்.

அதாவது, இருதயம் சிறுநீரகத்துக்குச் சீட்டு எழுதி அனுப்புகிறது. உடம்பில் உப்பும் தண்ணீரும் மிஞ்சிவிட்டால் இரத்தம் பெருகி இருதயத்தின் அறைச் சுவர்கள் இழுபடும். இழுபட்டதும் அது ஹார்மோனை விடும். “தண்ணீர் மிஞ்சிவிட்டது, உப்பை இறக்கு” என்பதுதான் அந்தச் சீட்டின் வாசகம். சிறுநீரகம் அதைப் படித்து உப்பை இறக்கும்; உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகும். இரத்தக் குழாய்களும் கொஞ்சம் தளரும். இருதயத்தின் சுமை குறையும். மேலறையிலிருந்து வருவதை ஏ.என்.பி. என்கிறார்கள். 1988இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் பன்றியின் மூளையிலிருந்து இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்றைப் பிரித்தெடுத்து, மூளையின் பெயராலேயே பி.என்.பி. என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு பார்த்தால் அது மனிதனில் பெரும்பாலும் இருதயத்தின் கீழறையிலிருந்தே வருகிறது. பெயரை மாற்றவில்லை. நம் தோட்டத்திலும் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் கிளினிக் வந்த பிறகும் மாட்டுக்கொட்டகை என்றுதானே சொல்கிறோம்!

இனி அந்த நீளமான பெயருக்கு வருகிறேன். இருதயம் முதலில் 108 மணிகள் கோத்த ஒரு சரத்தைச் செய்கிறது. அது இரண்டாக அறுபடுகிறது. 32 மணிகள் கொண்ட துண்டுதான் பி.என்.பி.; வேலை செய்வது இதுதான். மிச்சம் 76 மணிகள். அதுதான் என்.டி. புரோ பி.என்.பி. அதற்கு வேலை ஒன்றும் இல்லை. ரசீதுப் புத்தகத்தில் ரசீதைக் கிழித்துக் கொடுத்த பிறகு நம் கையில் அடிக்கட்டை நிற்கிறதே, அதுபோல. ரசீது எங்கே போயிற்றோ தெரியாது. அடிக்கட்டையை எண்ணினால் எத்தனை ரசீது கிழிபட்டது என்று தெரியும். ஆஸ்பத்திரிகளில் சில இடங்களில் ரசீதை அளப்பார்கள், சில இடங்களில் அடிக்கட்டையை. இரண்டின் எண்களும் வேறு வேறு. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடக்கூடாது. அளவும் மிகமிகச் சிறியது. ஒரு கிராமை இலட்சம் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு. அப்படிப்பட்ட பங்குகள் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் எத்தனை என்பதே அந்தத் தாளில் இருக்கும் எண்.

சீட்டைக் கிழிப்பவர் யார்?

சீட்டு வந்தது, வேலை நடந்தது. பிறகு அந்தச் சீட்டு என்ன ஆகிறது? இதுதான் இன்றைய பேச்சின் நடுப்பாகம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சீட்டு கிழிபடாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் சிறுநீரகம் உப்பை இறக்கிக்கொண்டே இருக்கும், உடம்பு வற்றிப்போகும். ஆகவே உடம்பு அதைச் சீக்கிரம் ஒழித்துவிடுகிறது. ஏ.என்.பி. இரண்டு முதல் நான்கு நிமிஷத்தில் பாதியாகக் குறைந்துவிடும். பி.என்.பி. பாதியாக ஏறக்குறைய இருபது நிமிஷம் ஆகும். அடிக்கட்டை மட்டும் ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஏன் இந்த வித்தியாசம்? ஒழிக்கும் வழிகள் வேறு என்பதால்.

முதல் வழி ஒரு பொறி. செல்களின் மேல் ஒருவகைக் கொக்கிகள் இருக்கின்றன. ஹார்மோன் அதில் மாட்டிக்கொண்டால் செல் அதை உள்ளே இழுத்து அழித்துவிடும். 1987இல் நியூயார்க்கில் தாமஸ் மாக் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் எலியின் சிறுநீரகத்தை ஆராய்ந்து ஓர் ஆச்சரியமான செய்தியைச் சொன்னார்கள். சிறுநீரகத்தில் இந்த ஹார்மோனைப் பிடிக்கும் கொக்கிகளில் மிகப் பெரும்பாலானவை சீட்டைப் படிப்பதற்கு அல்ல, ஒழிப்பதற்கே இருக்கின்றன என்பதுதான் அது. பி.என்.பி. இந்தக் கொக்கியில் அவ்வளவு இறுக்கமாக மாட்டாது. அதனால் அதற்கு ஆயுள் கொஞ்சம் அதிகம்.

இரண்டாவது வழி கத்தரிக்கோல். நெப்ரிலைசின் என்ற நொதி. இதை முதலில் சுத்தமாகப் பிரித்தெடுத்தது முயலின் சிறுநீரகத்திலிருந்து, 1974இல், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில். சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் தூரிகை மயிர் போல ஒரு விளிம்பு உண்டு. அங்கே இந்தக் கத்தரிகள் அடர்ந்து நிற்கின்றன. உடம்பின் மற்ற இடங்களிலும் உண்டு, ஆனால் இங்கேதான் கூட்டம் அதிகம்.

மூன்றாவது வழி வடிகட்டி. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து இலட்சம் வடிகட்டிகள். இருதயம் இறைக்கும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு சின்ன உறுப்புகளுக்கும் போகிறது. ஒரு நாளைக்கு 180 லிட்டர் நீர் வடிகிறது. ஒரு எண்ணெய் டிரம் ஏறக்குறைய நிறைந்துவிடும்! அதில் ஒன்றரை லிட்டரைப் போலத்தான் சிறுநீராகப் போகிறது. மற்றதெல்லாம் மீட்கப்பட்டு இரத்தத்துக்கே திரும்புகிறது. நாம் ஸ்டோரில் பாலை வடிகட்டும்போது இலையும் பட்டையும் மேலே தங்கி, பால் கீழே இறங்குகிறது அல்லவா? இங்கேயும் பெரிய புரதங்கள் மேலே தங்கிவிடும், சிறியவை இறங்கும். நம் ஹார்மோன் சிறியது. அடிக்கட்டை அதைவிடப் பெரியதாயினும் இறங்கக்கூடிய அளவுதான். இறங்கியவை எல்லாம் அப்படியே சிறுநீரில் போய்விடுவதில்லை. நுண்குழாயின் செல்கள் அவற்றில் பெரும்பகுதியை விழுங்கி, மணி மணியாக உடைத்து, அந்த மணிகளை மறுபடியும் உடம்புக்கே கொடுத்துவிடுகின்றன. ஒட்டுப்பாலைக்கூட வீணாக்காத தோட்டம் போல!

இப்போது பாருங்கள். அடிக்கட்டைக்குக் கொக்கியும் இல்லை, அந்தக் கத்தரியும் இல்லை. வடிகட்டியைத்தான் அது அதிகம் நம்பியிருக்கிறது. ஆகவே சிறுநீரகத்தின் வேலை குறையக் குறைய அடிக்கட்டை இரத்தத்தில் தேங்கும். பி.என்.பி.யும் தேங்கும், ஆனால் அதைவிடக் குறைவாக.

ஆனாலும் இதில் ஒரு சிக்கல் உண்டு. 2009இல் நெதர்லாந்து மருத்துவர்கள், சிறுநீரகத்துக்குள் போகும் இரத்தத்தையும் அதிலிருந்து வெளியே வரும் இரத்தத்தையும் தனித்தனியே எடுத்து அளந்து பார்த்தார்கள். ஒரு தடவை கடந்துபோகையில் சிறுநீரகம் இரண்டையும் ஏறக்குறைய ஒரே வீதத்தில், ஐந்தில் அல்லது ஆறில் ஒரு பங்கு, எடுத்துக்கொள்கிறது என்று கண்டார்கள். ஈரல், தசை போன்ற மற்ற உறுப்புகளும் தங்கள் பங்குக்கு ஒழிக்கின்றன. ஆகவே, “நம்பர் ஏறினால் அது முழுக்கக் கிட்னியின் தேக்கம்தான்” என்று மாமா சொன்னது எந்தக் கணக்கிலும் நிற்காது.

அதற்கு மேலும் ஒரு காரணம். சிறுநீரகம் கெட்டவரின் உடம்பில் உப்பும் தண்ணீரும் தங்கும். இரத்த அழுத்தம் ஏறும். இரத்தம் குறைந்து சோகையும் வரும். இந்த மூன்றும் சேர்ந்து இருதயச் சுவரை இழுத்துக்கொண்டே இருக்கும். அப்போது இருதயம் உண்மையாகவே கூடுதல் சீட்டு எழுதுகிறது. லாரியும் பழுது, பாலும் கூடுதல் என்றேனே, அதுதான் இது. சிறுநீரக நோயாளிகளில் இந்த எண் உயர்ந்து நிற்பவர்களுக்கு இருதயத்தால் ஆபத்து அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. தேக்கம் என்று சொல்லித் தாளை மடித்து வைத்துவிடுவது பெரிய பிழை.

“இவ்வளவு சீட்டு போயும் கால் ஏன் வீங்குகிறது? சிறுநீரகம் ஏன் உப்பை இறக்கவில்லை?” என்று என்னை ஒரு வெட்டுக்காரத் தோழர் முன்பு கேட்டார். நல்ல கேள்வி. பலவீனப்பட்ட இருதயம் போதிய இரத்தம் அனுப்பாதபோது, சிறுநீரகம் உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டதென்று தப்பாக எண்ணி, ரெனின் என்ற இன்னொரு பொருளை விடுகிறது. அது “உப்பைப் பிடித்து வை” என்று எதிர்ச் சீட்டு போடுகிறது. அந்தச் சத்தம் ஓங்கிவிடுகிறது. தவிர, இருதயம் அனுப்பும் சரங்களில் பல அறுபடாமல் முழுசாகவே வந்துவிடுகின்றன. அவற்றுக்கு வேலை செய்யும் வலு குறைவு. மேனேஜரும் மண்டோரும் எதிர் எதிர்க் கட்டளை போட்டால் ஆள் என்ன செய்வான்?

கத்தரியைக் கட்டும் மாத்திரை

இந்த அறிவிலிருந்து ஒரு மருந்தும் பிறந்திருக்கிறது. கத்தரிக்கோலைக் கொஞ்சம் கட்டிவைத்தால் நல்ல சீட்டு அதிக நேரம் வாழுமே என்று யோசித்தார்கள். சாக்குபிட்ரில், வால்சார்ட்டன் என்ற இரண்டும் சேர்ந்த மாத்திரை அது. 2014இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட இருதய நோயாளிகளில் நடந்த பெரிய சோதனையில், பழைய எனாலாப்ரில் மாத்திரையோடு ஒப்பிட, இருதயத்தால் சாவதும் இருதயத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்வதும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பி.என்.பி. எண் ஏறலாம், ஏனென்றால் கத்தரி கட்டப்பட்டிருக்கிறது. நோய் முற்றியதாக அர்த்தம் இல்லை. அவருக்கு அடிக்கட்டையை அளப்பதே பொருத்தம். அதை அந்தக் கத்தரி தொடுவதில்லை அல்லவா?

இன்னொரு முக்கியமான சங்கதி. நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. “எனக்கும் இருதயம், உனக்கும் இருதயம், என் மாத்திரை மிச்சம் இருக்கிறது, நீ சாப்பிடு” என்று கொடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன மாத்திரையையும் எனாலாப்ரில், பெரின்டோப்ரில் போன்றவற்றையும் 36 மணி நேர இடைவெளி இல்லாமல் சேர்த்தால் முகமும் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைத்துவிடக்கூடும். சோற்றைப் பகிர்ந்துகொள்ளுங்கள், மாத்திரையைப் பகிராதீர்கள்.

அதோடு வலி மாத்திரை. முதுகு வலிக்கும் முட்டி வலிக்கும் கடையில் வாங்கி விழுங்குகிறோமே, அவற்றில் பல வகை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து, உப்பையும் தேக்கி, இருதயத்துக்கும் சுமை ஏற்றும். என் பெரியப்பா எத்தனை வருஷம் அதைச் சாப்பிட்டாரோ, அவருக்கே கணக்கு இல்லை. முதுகு வலியோடு மரம் வெட்டப் போகிறவனிடம் மாத்திரை சாப்பிடாதே என்று சொல்வது எனக்கு எளிது, அவனுக்கு எளிதல்ல என்பதும் தெரியும். ஆனால் இனிப்புநீரோ இரத்தக் கொதிப்போ உள்ளவர் அதை டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக்கூடாது.

இது ஏதோ ஒன்றிரண்டு வீட்டுக் கதை அல்ல. 2019இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில் இந்நாட்டு வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். 2018இல் எடுத்த கணக்கின்படி நாட்டின் வயது வந்தோரில் 15 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு நாட்பட்ட சிறுநீரகப் பழுது. அதில் பெரும்பாலோருக்குத் தங்களுக்குப் பழுது இருப்பதே தெரியாது. வலி இருந்தால்தானே தெரியும்! சிறுநீரகம் சத்தம் போடாமல் கெடும்.

இரண்டு பக்கமும் பார்த்த கணக்கு

டாக்டர் அம்மா பெரியப்பாவின் கணக்கை எப்படிப் பார்த்தார் என்று சொல்கிறேன்.

முதலில் செலவுப் பக்கம். கிரியேட்டினின் என்ற இரத்தச் சோதனையிலிருந்து, அவருடைய சிறுநீரகம் வடிகட்டும் வேகம் 28 என்று கணக்கிட்டார்கள். நல்ல உடம்பில் அது 90க்கு மேல் இருக்கும். ஆகவே 4,200இல் ஒரு பகுதி தேங்கி நின்றது என்பது தெரிந்தது. எவ்வளவு என்று ரூல் பிடித்துக் கோடு போட முடியாது என்றும் சொன்னார்.

அடுத்து வரவுப் பக்கம். இருதயத்தை ஒலி அலைப் படம் எடுத்தார்கள். இருதயம் இறைக்கும் வலு அவ்வளவாகக் குறையவில்லை; ஆனால் சுவர் தடித்து விறைத்து, இரத்தம் நிறைவதற்கு இடம் கொடுக்கவில்லை. இதுவும் இருதயச் செயலிழப்புதான் என்றார். அந்தப் பெயரைக் கேட்டுப் பெரியம்மா மறுபடியும் அழ ஆரம்பித்தாள். இருதயம் நின்றுபோவதை அப்படிச் சொல்வதில்லை, அது தன் வேலையை முழுதாகச் செய்ய முடியாமல் திணறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று அந்த அம்மா பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

லாரி ஓட்டுநரின் 600ஐப் பற்றியும் கேட்டேன். அவருக்கு வயது நாற்பத்தைந்து. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. மூச்சு முட்டி அவசரமாக வருகிறவருக்கு அடிக்கட்டை 300க்குக் கீழ் என்றால் இருதயச் செயலிழப்பு பெரும்பாலும் இல்லை என்று தள்ளிவிடலாம். உண்டு என்று சந்தேகிக்க ஐம்பது வயதுக்குக் கீழ் 450, ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து வரை 900, அதற்கு மேல் 1,800 என்று வயதுக்கு வயது கோடு மாறும். சிறுநீரகம் பழுதானவருக்கு இன்னும் உயர்த்திப் பார்க்கவேண்டும். உடம்பு பருத்தவர்களுக்கு எண் தணிந்தே காட்டும், அதனால் அவர்களுக்குக் குறைவாக இருப்பதைக் கண்டு ஏமாறக்கூடாது. 4,200ஐ 600ஆல் வகுத்த என் கணக்கு ஒரு தோட்டத்தின் கையிருப்பை வேறொரு தோட்டத்தின் கையிருப்பால் வகுத்த கணக்கு! அதைச் செக்ரோலில் செய்திருந்தால் மேனேஜர் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

யாரோடு ஒப்பிடுவது, பிறகு? அந்த ஆளை அவரோடேயே ஒப்பிட வேண்டும். தண்ணீர் இறக்கும் மாத்திரை கொடுத்தார்கள். கருவாடு, ஊறுகாய், கிச்சாப், பாக்கெட் மீ எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். தினமும் காலையில் எடை பார்த்துக் கொப்பியில் எழுதச் சொன்னார்கள். அந்த வேலை எனக்கு. முதல் பத்து நாளில் நான்கு கிலோ இறங்கியது, எல்லாம் தண்ணீர். ஆறு வாரம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். வடிகட்டும் வேகம் அதே 28தான், மாறவில்லை. அடிக்கட்டை 2,600க்கு வந்திருந்தது. செலவுப் பக்கம் மாறாதபோது கையிருப்பு குறைந்தால், வரவுதான் குறைந்திருக்க வேண்டும். அதாவது இருதயத்தின் இழுபாடு தளர்ந்திருக்கிறது. இதை டாக்டர் அம்மா சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டேன். “கிராணி பாஸ்” என்று சிரித்தார்.

டயாலிசிஸ் போகிற தோழர்களுக்கும் இதே முறைதான். அவர்களில் அநேகமாக எல்லாருக்குமே இந்த எண் சாதாரணக் கோட்டுக்கு மேல்தான் நிற்கும். அதனால் ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்துப் பயப்படவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். பழைய தாள் இருந்தால்தான் புதிய தாளுக்கு அர்த்தம். ஆகையால் இரத்தச் சோதனைத் தாள்களைத் தயவுசெய்து எறியாதீர்கள், மளிகைச் சாமான் மடிக்காதீர்கள். ஒரு கோப்பில் தேதி வாரியாகக் கட்டி வையுங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் கிராணிமாரிடம் கொடுங்கள். ஆபீஸ் நேரம் முடிந்த பிறகு நாங்கள் கோத்துத் தருகிறோம். சொக்சோவிடம் டயாலிசிஸ் உதவிக்கு மனு செய்யும்போதும் அந்தக் கோப்பு கைகொடுக்கும். கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறவர் யாராக இருந்தாலும் தைப்பூசம் முடியட்டும், போனஸ் வரட்டும் என்று காத்திராமல் போய்ப் பார்க்கவேண்டும். போகும்போது டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: “என் சிறுநீரகத்தின் வேகம் எவ்வளவு? போன தடவை இந்த எண் எவ்வளவு?”

பெரியப்பா இப்போது மலை ஏறுவதில்லை. தைப்பூசத்தன்று அந்த முருகன் சிலைக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் இறங்கி வரும்வரை எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொள்கிறார். இன்றும் வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில், நீலச் சட்டை. அவருடைய கொப்பியும் என் பையில் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வாருங்கள்.